ஆறடித் தொட்டிக்கு எந்த ஃபில்டர்: கேனிஸ்டரா, சம்ப்பா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் புது மீன் தொட்டி செய்யக் கொடுக்கப் போகிறீர்கள். இரண்டு ஆஸ்கர், ஆறு சில்வர் டாலர், ஒரு பிளெகோ என மீன்கள் விடுவதாகத் திட்டம். அட்டையில் மணிக்கு 2000 லிட்டர் என்று போட்ட பெரிய கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே குழாய்களோடு நிற்கும் மூடிய வாளி ஃபில்டர்) ஒன்று போதுமா, இல்லை கீழே சம்ப் (தொட்டியில் இருந்து தண்ணீர் இறங்கி, மோட்டாரால் திரும்ப மேலே ஏறும் திறந்த ஃபில்டர் தொட்டி) வைத்தே ஆக வேண்டுமா? கூடவே, எவ்வளவு பெரிய ஃபில்டர் வாங்கினால் தண்ணீர் மாற்றாமல் இருக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது தெளிவானால் மற்றதெல்லாம் தானாகத் தெளிவாகும். எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் தண்ணீர் மாற்றாமல் இருக்க முடியாது. ஃபில்டர் அழுக்கை வெளியேற்றுவதில்லை. ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். பஞ்சில் சிக்கிய கழிவு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதே தவிர, அதன் வழியாகத்தான் தண்ணீர் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கையால் எடுத்துக் கழுவிக் கொட்டும்வரை அது தொட்டிக்குள்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் தொட்டி 180 × 60 × 60 செ.மீ. முழுக்க நிரப்பினால் 648 லிட்டர். மேலே கொஞ்சம் இடம் விட்டால் 600 லிட்டர் என்று வையுங்கள். வளர்ந்த ஆஸ்கர் ஒரு அடியைத் தாண்டும், சாப்பாட்டு ராமன். மீன்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 20 கிராம் பெல்லட் தின்கின்றன என்று கொள்வோம். அதில் 40 சதவீதம் புரதம் என்றால் நைட்ரஜன் ஏறக்குறைய 1.3 கிராம். உடம்பில் தங்கியதும் கழிவாக நீங்கள் உறிஞ்சி எடுப்பதும் போக, தோராயமாக 0.8 கிராம் அமோனியாவாகத் தண்ணீரில் இறங்கும். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா இதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது அளவாக இருந்தால் மீன் தாங்கும். ஃபில்டரின் பெரிய வேலை இந்த மாற்றம்தான். ஆனால் அது அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. வாரத்துக்கு 5.6 கிராம் நைட்ரஜன் என்றால் நைட்ரேட்டாக ஏறத்தாழ 25 கிராம், அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஒவ்வொரு வாரமும் ஏறும்.

இப்போது வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் என்ன ஆகும்? ஏறுவதும் இறங்குவதும் சமமாகும் இடம் வரும்வரை அளவு கூடிக்கொண்டே போகும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது: வார ஏற்றத்தை மாற்றும் பங்கால் வகுக்க வேண்டும். 40-ஐக் கால்வாசியால் வகுத்தால் 160. பாதித் தண்ணீர் மாற்றினால் 80. தீனியையும் பாதியாகக் குறைத்தால் 40. ஃபில்டரின் பெயரே இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? இரண்டு லட்சம் சதுர செ.மீ. பரப்பு கொண்ட மீடியா (பாக்டீரியா ஒட்டி வளர ஃபில்டருக்குள் வைக்கும் ஸ்பாஞ்ச், கல் போன்றவை) போட்டாலும் இந்த எண் மாறாது. பாக்டீரியா கிடைக்கும் அமோனியாவுக்கு ஏற்ற அளவுதான் வளரும். காலி வீடுகள் கட்டி வைத்தால் ஆள் வந்துவிடாது.

அப்படியென்றால் ஃபில்டரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நான் இரண்டே விஷயம் பார்ப்பேன். அழுக்கு சேரும் பகுதி எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறது? பாக்டீரியாவுக்குக் காற்று எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது?

காற்றைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. 25 டிகிரியில் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன்தான் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறையும். உங்கள் 600 லிட்டர் முழுவதிலும் எந்த நேரத்திலும் இருப்பது 5 கிராம் ஆக்சிஜன், அதற்கு மேல் இல்லை. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகும். மேலே சொன்ன 0.8 கிராமுக்கு 3.7 கிராம். மீன்கள் மூச்சு விடுவதைச் சேர்க்காமலே, ஃபில்டர் மட்டும் ஒரு நாளில் தொட்டியின் மொத்த ஆக்சிஜனில் முக்கால் பங்கைக் குடித்துவிடுகிறது. நீர்மட்டம் கலங்கி, வெளிக்காற்று ஓயாமல் உள்ளே கரைந்துகொண்டிருப்பதால்தான் வண்டி ஓடுகிறது. கோடையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஃபில்டர் போதவில்லை என்று இன்னொன்று வாங்க ஓடுவார்கள். பெரும்பாலும் குறைவது ஃபில்டர் இல்லை, காற்று.

இந்த இரண்டையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேனிஸ்டர் நல்ல சாதனம்தான். சத்தம் கிடையாது, அலமாரிக்குள் அடங்கிவிடும், தொட்டியில் துளை போட வேண்டாம், கூடத்தில் ஈரவாடை இருக்காது. மரக்கட்டையும் செடியும் சின்ன மீன்களும் உள்ள தொட்டிக்கு என்றால் யோசிக்காமல் கேனிஸ்டர் என்பேன். குறிப்பாகச் செடித் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு கொடுப்பவர்களுக்கு, தண்ணீர் சலசலத்து வாயு பறந்துபோகாமல் இருப்பது ஒரு வசதி. ஆனால் ஆஸ்கர் வளர்ப்பவருக்கு அதன் மூடிய வடிவமே பகை. திறக்க வேண்டுமென்றால் மோட்டாரை நிறுத்தி, குழாய்களைக் கழற்றி, பத்துப் பதினைந்து கிலோ வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போக வேண்டும். முதல் மாதம் வாரம் ஒருமுறை செய்வீர்கள். மூன்றாம் மாதம் "ஓடுதே, அப்புறம் பார்க்கலாம்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பத்து வாரம் கழித்துத் திறந்தபோது உள்ளே இருந்ததைக் குழம்பு என்றுதான் சொல்ல வேண்டும். நீர் வரத்து பாதிக்கும் கீழே போயிருந்தது, நைட்ரேட் சோதனைக் குழாய் செக்கச்செவேல் என்று இருந்தது.

மின்வெட்டு இன்னொரு சிக்கல். கேனிஸ்டர் நின்றால் உள்ளே இருக்கும் சில லிட்டர் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைப் பாக்டீரியாவே சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அழுக்கு நிறைந்த கேனிஸ்டர் என்றால் இன்னும் சீக்கிரம். பிறகு அது அழுக ஆரம்பிக்கும். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடி அந்த நாற்றத் தண்ணீரை மீன்களின் மேல் கொட்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் திறந்து, உள்ளே உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓட விடுங்கள். நள்ளிரவில் மின்சாரம் போய் விடியற்காலை வந்தால் யார் எழுந்து இதைச் செய்வது என்பது நியாயமான கேள்வி.

எப்படியும் கேனிஸ்டர்தான் என்று முடிவு செய்தால் ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். அட்டையில் போட்டிருக்கும் 2000 லிட்டர், பெரும்பாலும் உள்ளே மீடியா எதுவும் வைக்காமல், தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல் அளந்த எண். மீடியா நிரப்பி, குழாய் வளைவுகள் போட்டு, ஒரு மாத அழுக்கும் சேர்ந்தால் அதில் பாதி வந்தாலே நல்லது. அதாவது 600 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1000 லிட்டர், ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல். ஆஸ்கருக்குக் கையில் உண்மையாகக் கிடைக்கும் அளவு நான்கு ஐந்து சுற்றாவது இருப்பது நல்லது. இரண்டு இருந்தால் மாறி மாறிக் கழுவலாம், பாக்டீரியா மொத்தமாகப் பாதிக்காது. ஒரு மோட்டார் நின்றாலும் மற்றது தாங்கும். இன்னொன்று: உறிஞ்சும் குழாயின் வாயில் பெரிய துளை ஸ்பாஞ்ச் ஒன்றைச் செருகிவிடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அதை மட்டும் உருவிப் பிழிந்துவிட்டால் கேனிஸ்டரைத் திறக்கும் இடைவெளி இரண்டு மூன்று மடங்கு நீளும். மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாஸலின் தடவினால் சில வகை ரப்பர் ஊறி உப்பிவிடும். கசிவைப் பார்த்ததும் ஃபில்டர் மட்டம் என்று திட்டுவார்கள், பெரும்பாலும் வளையம் சரியாக உட்காராததுதான் காரணமாக இருக்கும்.

உங்கள் தொட்டிக்கு என் தேர்வு சம்ப். காரணம், தொட்டி இன்னும் செய்யப்படவில்லை. தண்ணீர் சம்ப்புக்கு இறங்கத் தொட்டியில் துளை போட வேண்டிய நேரம் இதுதான். தண்ணீர் நிரப்பிய பிறகு நினைத்தால் முடியாது. பலப்படுத்திய கண்ணாடி என்றால் துளையே போட முடியாது, நொறுங்கிவிடும். எந்தப் பக்கம் எந்தக் கண்ணாடி என்று செய்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். துளை போடாமல் விளிம்பில் மாட்டி, வளைந்த குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்து இறக்கும் சைஃபன் பெட்டிகளும் உண்டு. நான் நம்புவதில்லை. சைஃபனில் காற்று சேர்ந்து அறுந்தால் மேலே ஏறும் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தரையில்தான் இறங்கும்.

சம்ப்பில் எல்லாம் திறந்து கிடக்கிறது. அதுதான் அதன் பலம். மேலே இருந்து விழும் தண்ணீர் முதலில் பஞ்சில் விழட்டும். அந்தப் பஞ்சை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, மோட்டாரைக்கூட நிறுத்தாமல், எடுத்துக் கசக்கிவிட்டுத் திரும்பப் போடலாம். இரண்டு நிமிட வேலை. சுலபமான வேலை என்பதால் செய்வீர்கள். சம்ப் மற்றதை வெல்வது இங்கேதான். தண்ணீர் விழுந்து உடைந்து ஓடுவதால் ஆக்சிஜன் தாராளம். ஹீட்டரைக் கீழே மறைத்து வைக்கலாம். ஆஸ்கர் ஹீட்டரை முட்டி உடைப்பது ஊரறிந்த விஷயம். மொத்தத் தண்ணீரும் கூடுகிறது: 120 × 45 செ.மீ. அடித்தளத்தில் ஒரு சம்ப் வைத்து 25 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கூடுதலாக 135 லிட்டர்.

குறைகளும் உண்டு. சத்தம் வரும், ஆவியாதல் கூடும், இடம் பிடிக்கும், தரை நனையும் ஆபத்து இருக்கிறது. சத்தத்தைப் பெரும்பாலும் வடிகுழாய் அமைப்பால் அடக்கிவிடலாம். ஒரே குழாய் காற்றும் தண்ணீருமாக இறங்கும்போதுதான் கழிப்பறை ஃப்ளஷ் மாதிரி கடகடக்கும். இரண்டு துளை போட்டு, ஒன்றில் வால்வு வைத்து அது முழுக்கத் தண்ணீரால் நிரம்பி இறங்கும்படி திருகிவிட்டு, இன்னொன்றைச் சற்று உயரத்தில் அவசர வழியாக விட்டால் சத்தம் ஏறத்தாழ இல்லாமல் போகும். இதற்கு ஹெர்பி முறை என்று பெயர். அவசரக் குழாய் மெயின் குழாய் அளவுக்காவது இருக்க வேண்டும், அதில் வால்வு போடக் கூடாது.

மோட்டாரிலும் அட்டை எண்ணைப் பார்க்காதீர்கள். சம்ப்பில் இருந்து தொட்டியின் விளிம்புவரை ஒன்றரை மீட்டர் ஏற்ற வேண்டியிருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் எந்த உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள். அதில் ஒன்றரை மீட்டருக்கு நேராக மணிக்கு 3000 லிட்டர் வரும் மோட்டாராகப் பாருங்கள். தேவைக்கு மேல் பெரிதாக எடுத்தால் வடிகுழாய் திணறும், மின்சாரமும் வீண். 60 வாட் மோட்டார் ஓயாமல் ஓடினால் நாளைக்கு 1.44 யூனிட், மாதத்துக்கு 43 யூனிட். வருடக்கணக்கில் ஓடப்போகிற பொருள், ஆகவே வாட்டைப் பார்த்து வாங்குவது முக்கியம்.

மீடியாவுக்கு அதிகம் செலவு செய்யாதீர்கள். முதலில் பெரிய துளை ஸ்பாஞ்ச், அடுத்து மெல்லிய பஞ்சு, கடைசியில் செராமிக் ரிங்கோ லாவா ராக்கோ எதுவோ ஒன்று. நுண்துளைகளின் பரப்பைக் கோடிக்கணக்கில் கணக்குக் காட்டும் விலையுயர்ந்த கற்கள், அழுக்கு ஏறியதும் வெளிப்பரப்பு மட்டும் வேலை செய்யும் சாதாரணக் கற்களாகிவிடும். நல்ல ஸ்பாஞ்ச் ஒன்றே பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடும். மீடியாவைக் கழுவுவது எப்போதும் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வளர்த்த பாக்டீரியாவை நீங்களே கொன்றதாகிவிடும். ஆக்டிவேட்டட் கார்பன் மருந்து போட்ட பிறகு அதை நீக்கவும், மரக்கட்டையின் நிறத்தை எடுக்கவும் உதவும், அன்றாடம் தேவையில்லை. யூவி விளக்கு பச்சைத் தண்ணீரைத் தெளிய வைக்கும், அமோனியாவைத் தொடாது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளிம்பில் தொங்கும் ஃபில்டர் இந்த அளவுக்குப் பத்தாது. கல்லுக்கு அடியில் தட்டு வைக்கும் முறை ஆஸ்கரோடு ஒத்துவராது, தோண்டித் தள்ளிவிடும். தொட்டியின் மேலேயே நீளமாக வைக்கும் பெட்டி ஃபில்டரைப் பலர் ஏளனம் செய்வார்கள், ஆனால் துளை போட முடியாதவர்களுக்கு அது மிக நல்ல வழி: மூடியைத் தூக்கினால் பஞ்சு கையில், தண்ணீர் விழும்போது காற்றும் கலக்கிறது. அழகு மட்டும் குறைவு. எந்த ஏற்பாடாக இருந்தாலும் மூலையில் ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று இருக்கட்டும், அந்த ஏர் பம்ப் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். மின்சாரம் போன இரவில் மீன்களைக் காப்பது அதுதான்.

வாங்கியதும் மீன் விட்டுவிட முடியாது, இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அமோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் ஆகிறதா என்று சோதித்துக்கொண்டே இருங்கள். நண்பரின் ஆரோக்கியமான தொட்டியில் இருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் இது வெகுவாகச் சுருங்கும். தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையையும் (அமிலம் கூடாமல் தண்ணீரைத் தாங்கும் உப்புகளின் அளவு) ஒருமுறை அளந்து பாருங்கள். அமோனியாவை மாற்றும் வேலை அதையும் கரைக்கும். மேலே போட்ட கணக்குப்படி வாரத்துக்கு 3 முதல் 4 கடினத்தன்மை டிகிரிவரை போகலாம். மென்மையான தண்ணீர் உள்ளவர்களுக்குத் தண்ணீர் மாற்றம் தள்ளிப்போனால் பிஎச் சரிந்து (அதாவது தண்ணீர் அமிலமாகி), பாக்டீரியாவும் மந்தமாகிவிடும். ஃபில்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

கடைசியாக, மீன் விடுமுன் இரண்டு சோதனைகளைக் கட்டாயம் செய்யுங்கள். பக்கத்தில் வாளியும் துணியும் வைத்துக்கொண்டு மோட்டாரின் சுவிட்சை அணையுங்கள். ஏற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், அது வெளியே தெரியும்வரை தண்ணீர் பின்னோக்கி இறங்கும். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. என்பது 10.8 லிட்டர், ஆக 54 லிட்டர் சம்ப்புக்கு வரும். அதைத் தாங்கச் சம்ப்பில் எப்போதும் 60 லிட்டருக்குக் குறையாத காலி இடம் வேண்டும். ஏற்றும் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளை போட்டால் காற்றுப் புகுந்து சீக்கிரம் நின்றுவிடும். ஆனால் பாசி அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டாவது, வடிகுழாய்கள் எல்லாவற்றையும் துணியால் அடைத்துவிட்டு மோட்டாரை ஓட விடுங்கள். மோட்டார் இருக்கும் கடைசி அறை காலியாகும்வரை தண்ணீர் மேலே ஏறும். அந்த அறையில் 30 லிட்டர் என்றால் தொட்டியில் மூன்று செ.மீ. ஏறும், விளிம்புக்குக் கீழே அதைவிடக் கூடுதலாக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அறை காலியானதும் உடனே அணைத்துவிடுங்கள், வறண்டு ஓடினால் மோட்டார் போய்விடும். இரண்டிலும் தரை நனையவில்லை என்றால், துணியை எடுத்துவிட்டுச் சாதாரணமாக ஓட விட்டு, சம்ப்பின் கடைசி அறையில் தண்ணீர் நிற்கும் இடத்தில் கண்ணாடியின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஆவியாகிற தண்ணீர் எல்லாம் அந்த அறையில்தான் குறையும், அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அங்கேதான் ஊற்றுவீர்கள். அந்தக் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள்.